கூட்டு ஒளிப்படமும் உண்மையும்: ஓர் அறவியல் நோக்கு

ஒளிப்படம் பொய் சொல்லாது என்பது ஒளிப்படக்கலை தோன்றிய காலந்தொட்டு வழங்கிவரும் நம்பிக்கையாகும். ஓவியன் தான் கண்டதையும் காண விரும்பியதையும் கலந்து தீட்டுகிறான். கமராவோ தன் முன்னே இருந்ததை மட்டுமே பதிகிறது என்பது அந்நம்பிக்கையின் அடிப்படை. நீதிமன்றிலே சான்றாகவும், பத்திரிகையிலே செய்தியாகவும், குடும்பத்திலே நினைவுச் சின்னமாகவும் ஒளிப்படம் பெறும் மதிப்பு பெரும்பாலும் இவ்வடிப்படையிலேயே தங்கியுள்ளது. ஆயின், இன்று கைத்தொலைபேசியிலே நாம் எடுக்கும் படம் பல வேளைகளில் ஒரு படம் அன்று. பொத்தானை ஒருமுறை அழுத்துமிடத்துக் கருவி பல படங்களை அடுத்தடுத்து எடுத்து, அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கணித்து, ஒரே படமாக நமக்குத் தருகிறது. இவ்வாறு பலவற்றைச் சேர்த்து ஆக்கிய ஒன்றை உண்மைப் படம் எனல் பொருந்துமா? பொருந்துமாயின் எந்நிபந்தனைகளின் கீழ்ப் பொருந்தும்? இது தொழினுட்பத்தோடு முடிந்துவிடும் வினாவன்று. சான்று என்பது யாது, சான்றுகளைத் தொகுப்பவனுடைய கடமை யாது என்னும் அறவியல் வினாக்கள் இதனுள் அடங்கியுள்ளன.

பல படங்களை ஒன்றாக்கும் முயற்சி கணினியோடு பிறந்ததன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வழக்கிலிருந்த ஒளிப்படத் தகடுகள் நீல ஒளியை மிகையாக உணர்வன. கடலுக்குப் போதிய ஒளி கிடைக்கும்வரை தகட்டைத் திறந்து வைத்தால் வானம் வெளிறிப்போகும். வானத்து முகில்களைக் காக்க முயன்றால் கடல் இருண்டுவிடும். பிரெஞ்சுக் கலைஞராகிய குஸ்தாவ் லெ கிரே 1850களின் பிற்பகுதியில் எடுத்த கடற்காட்சிகள் சிலவற்றிலே வானத்துக்கு ஒரு தகட்டையும் கடலுக்கு வேறொரு தகட்டையும் பயன்படுத்தி இவ்விடர்ப்பாட்டைக் கடந்தார். 1857 இல் மான்செஸ்ரர் நகரிலே நடந்த கலைப்பொருட் கண்காட்சியில் ஒஸ்கார் ரெயிலாண்டர் முப்பதுக்கும் மேற்பட்ட தகடுகளைச் சேர்த்து ஆக்கிய பெரும் படமொன்றைக் காட்சிக்கு வைத்தார். அடுத்த ஆண்டில் ஹென்றி பீச் றொபின்சன் ஐந்து தகடுகளைச் சேர்த்து, இறக்குந்தறுவாயிலுள்ள இளம்பெண் ஒருத்தியையும் அவளைச் சூழ்ந்திருக்கும் குடும்பத்தாரையும் காட்டினார். பிறர் துயரத்தினுள் இவ்வாறு புகுந்து படமெடுத்தல் முறையோ எனச் சிலர் மனம் புண்பட்டனர். உண்மையில் அப்பெண் நோயாளியல்லள். அக்காட்சி முழுவதும் அமைக்கப்பட்டது. லெ கிரேயின் படத்தையும் றொபின்சனின் படத்தையும் ஒருங்கு வைத்து நோக்குமிடத்து, செய்முறை ஒன்றாயினும் நோக்கம் ஒன்றன்று என்பது புலனாகும். முன்னையது ஒரு தகடு தாங்கவியலாத காட்சியைத் தாங்கச் செய்தது. பின்னையது நிகழாத நிகழ்ச்சியொன்றை நிகழ்ந்ததுபோலக் காட்டியது. இவ்வேறுபாடே நமது ஆராய்ச்சிக்குத் தொடக்கமாகும்.

பல படங்களைச் சேர்ப்பதால் விளையும் நன்மைகள் மூன்று. முதலாவது, வழு குறைதல். மங்கிய ஒளியிலே எடுக்கும் படத்தில் ஒழுங்கின்றிச் சிதறிய புள்ளிகள் தோன்றும். அவை எழுமாறாகத் தோன்றுவன ஆதலின், ஒரே காட்சியைப் பலமுறை எடுத்து இடை காணும்போது ஒன்றையொன்று பெரிதும் ஈடுசெய்துவிடும். எஞ்சும் வழு படங்களின் தொகையினது வர்க்கமூலத்தின்படி குறையும். 16 படங்களைச் சேர்த்தால் வழு நான்கிலொன்றாகும், 100 படங்களைச் சேர்த்தால் பத்திலொன்றாகும்.

இரண்டாவது, ஒளிவீச்சுப் பெருகுதல். இருண்ட மண்டபமும் அதன் சாளரத்திலே பாயும் வெயிலும் ஒரே படத்தில் அடங்கா. 1997 இல் போல் டெபெவெக், ஜிதேந்திர மலிக் ஆகிய இருவரும் இதற்கு ஒரு வழியை வெளியிட்டனர். காலிபோர்ணியாவிலே ஸ்ரான்போட் பல்கலைக்கழகத் தேவாலயத்தின் உட்புறத்தை, 30 செக்கன் தொடக்கம் ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு வரை, வெவ்வேறு நேர அளவுகளில் எடுத்த 16 படங்கள் அவர்களது ஆய்வில் இடம்பெற்றன. நீண்டநேரப் படம் நிழலை அறியும், வெயிலை அறியாது. குறுநேரப் படம் வெயிலை அறியும், நிழலை அறியாது. ஈண்டு கவனிக்கத்தக்க செய்தியொன்றுண்டு. அம்முறையில் எல்லாப் படங்களுக்கும் எல்லாவிடத்தும் ஒரே நிறை அளிக்கப்படுவதில்லை. ஒரு படம் முற்றாக வெளிறிய இடத்திலும் முற்றாக இருண்ட இடத்திலும் அதன் சொல் ஏற்கப்படுவதில்லை. அது தெளிவாக அறிந்த இடத்திலேயே அதற்கு மதிப்பு. சாட்சியை விசாரிக்கும் நல்ல நீதிபதி கைக்கொள்ளும் நெறியும் இதுவேயன்றோ?

மூன்றாவது, நுண்பொருளைப் பிரித்துக் காட்டும் ஆற்றலாகிய பிரிவலு உயர்தல். 1984 இல் ற்சாய், ஹுவாங் என்னும் ஆய்வாளர் இருவர், ஒன்றுக்கொன்று சிறிதளவு இடம்பெயர்ந்த தெளிவு குறைந்த படங்கள் பலவற்றிலிருந்து தெளிவு மிக்க படமொன்றைப் பெறலாம் எனக் காட்டினர். கமராவின் உணரி ஒரு சல்லடை போன்றது. கண்களுக்கிடையில் விழுவதை அது தனித்தனியே அறியாது. சல்லடை அரைக்கண் அளவு விலகி நின்று மறுபடியும் பார்க்குமாயின், முன்னர் அறியாததை இப்போது அறியும். ஆகவே இம்முறையிற் படங்கள் ஒன்றுக்கொன்று வேறுபட்டிருத்தல் இன்றியமையாதது. அணுவளவும் மாறாது நின்று எடுத்த ஆயிரம் படங்கள் வழுவைக் குறைக்கலாம். புதிய நுண்மையைத் தாரா. 2019 இல் வெளியான ஆய்வொன்று, கையில் ஏந்திய தொலைபேசியிலே கையின் இயல்பான நடுக்கத்தையே இவ்விடப்பெயர்ச்சிக்குப் பயன்படுத்தியது. நெடுங்காலமாகக் குற்றம் எனக் கருதப்பட்ட நடுக்கம் அறிவுக்குக் கருவியாயிற்று. ஒரே வாசலில் நின்று நூறு பேர் பார்த்தாலும் அது ஒரு வாசலின் காட்சியே. சற்று விலகி நிற்போன் ஒருவனே நாம் அறியாததை அறியத் தருகிறான்.

இனி, இவ்வாறு பெற்ற படத்தை எவ்வகை அறிவில் அடக்குவது? நமது மரபிலே அறிவின் வாயில்கள் அளவைகள் எனப்படும். மணிமேகலை பௌத்த அளவையியலைக் கூறுமிடத்துக் காட்சி, கருத்து ஆகிய இரண்டையே ஏற்கிறது. சைவசித்தாந்திகள் இவற்றோடு உரையையும் சேர்ப்பர். புகையைக் காண்பது காட்சி. புகை கொண்டு தீயை அறிவது கருத்து, அஃதாவது அனுமானம். தனியொளிப்படத்தைக் காட்சியின் பக்கத்தில் வைத்தே நாம் பழகியுள்ளோம். கூட்டுப்படமோ ஒவ்வொரு படத்தையும் நிறுத்து, ஒப்பிட்டு, சிலவற்றைத் தள்ளி, சிலவற்றைக் கொண்டு பெறும் முடிவாகும். அது காட்சிகளின் மேல் எழுந்த அனுமானம் என்பதே பொருத்தமாகத் தோன்றுகிறது. அனுமானம் என்பதால் அது தாழ்ந்ததாகிவிடாது. ஆனால் அனுமானத்தை ஏதுவின்றி எவரும் ஏற்கவேண்டியதில்லை. எனவே கூட்டுப்படத்தை முன்வைப்போன், "இதோ பார்" என்று மட்டும் கூறி அமைதல் கூடாது. எவற்றிலிருந்து, எவ்வாறு இதனைப் பெற்றேன் என்று கூறக் கடமைப்பட்டவனாகிறான்.

இதற்கு எதிராக ஒருவர் பின்வருமாறு வாதிக்கலாம்: தனிப்படமும் உண்மையில் தனிப்படமன்று, திறந்திருக்கும் கணப்பொழுதில் வந்து விழுந்த ஒளியனைத்தினதும் கூட்டுத்தொகையே அது. நமது கண்ணும் அவ்வாறே. விழியின் நடுவிலுள்ள மிகச் சிறு பகுதி மட்டுமே கூர்மையாகக் காணவல்லது. கண் செக்கனுக்கு ஏறத்தாழ மூன்று முறை இடம் மாறிக் கண்டவற்றை மனம் இணைத்தே பரந்த காட்சி உண்டாகிறது. அவ்வாறாயின் எல்லாமே கூட்டுப்படங்கள்தாமே. கூட்டுப்படத்துக்கு மட்டும் தனியே நிபந்தனை விதிப்பானேன்? இவ்வாதத்தின் முற்பகுதி சரியானதே. சேர்த்தல் காரணமாகவே ஒரு படம் பொய்யாகிவிடும் என்னும் எளிய கொள்கையை அது தகர்த்துவிடுகிறது. ஆயின் அதிலிருந்து எவ்வகைச் சேர்ப்பும் நேர்மையானதே என்னும் முடிவு பெறப்படாது. எல்லா வாக்கியங்களும் சொற்களாலானவை என்பதனால் எல்லா வாக்கியங்களும் மெய்யாகிவிடா.

இரண்டு எடுத்துக்காட்டுக்களை ஒப்புநோக்கின் இது தெளிவாகும். 1995 டிசம்பரில் ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி, பெருங்கரடி விண்மீன் குழுவிலே வெறுமையாகத் தோன்றிய ஒரு சிறு பகுதியைப் பத்து நாட்கள் தொடர்ந்து நோக்கியது. 342 தனிப்படங்களைச் சேர்த்துப் பெற்ற அப்படத்தில் ஏறத்தாழ 3000 அண்டங்கள் தென்பட்டன. 2003 மார்ச்சில், ஈராக் போரின்போது, லொஸ் ஏஞ்சல்ஸ் ரைம்ஸ் பத்திரிகையின் ஒளிப்படக் கலைஞர் ஒருவர் பஸ்ரா நகர்ப்புறத்திலே கண இடைவெளியில் எடுத்த இரு படங்களை இணைத்து ஒன்றாக்கினார். கைகாட்டும் பிரித்தானியப் படைவீரன் ஒரு படத்திலிருந்தும், குழந்தையை ஏந்தி நிற்கும் மனிதன் மற்றொரு படத்திலிருந்தும் எடுக்கப்பட்டனர். பின்னணியிலே சிலர் இருமுறை தோன்றியமை கண்டுபிடிக்கப்பட்டதும் அக்கலைஞர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். முந்நூற்று நாற்பத்திரண்டு படங்களைச் சேர்த்தது மெய்யாகவும், இரண்டைச் சேர்த்தது பொய்யாகவும் ஆனது எவ்வாறு? தொகை இதற்குக் காரணமன்று. பத்து நாட்களில் அவ்வண்டங்கள் நமது கண்ணுக்குத் தெரியுமளவு மாறவில்லை; ஒவ்வொரு படமும் ஒரே பொருளைப் பற்றியே பேசிற்று. பஸ்ராவிலோ படைவீரனுக்கும் தந்தைக்கும் இடையிலான உறவுதான் படத்தின் பொருள்; அவ்வுறவு இரு படங்களில் எதிலும் அவ்வாறு இருந்ததில்லை. இணைப்பே அதனைப் படைத்தது. ஆகவே கூட்டுப்படத்தின் முதலாம் நிபந்தனையை இவ்வாறு வகுக்கலாம்: சேர்க்கப்படும் சான்றுகள் யாவும் ஒரே பொருளைப் பற்றியனவாதல் வேண்டும், எச்சான்றும் கூறாத உறவைத் தொகுப்பு உண்டாக்கலாகாது.

இந்நிபந்தனையினுள்ளே மறைந்திருக்கும் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே பொருள் என்றால், அசையாத பொருள் என்றாகிறது. அசைவதற்கு என்ன நேரும்? 1838 இல் லூயி தாகேர் பாரிஸ் நகரத்து வீதியொன்றைப் படமெடுத்தார். பல நிமிடங்கள் ஒளிபட வேண்டியிருந்தமையால் அவ்வீதியிலே சென்ற வண்டிகளும் மனிதரும் படத்தில் இல்லாதொழிந்தனர். சப்பாத்துக்கு மெருகிடுவிப்பதற்காக நின்ற ஒருவனே தெளிவாகப் பதிந்தான். படத்தைப் பார்த்தால் அது வெறிச்சோடிய வீதி. இன்றைய கூட்டுப்படங்களிலும், படத்துக்குப் படம் இடம்மாறியவர்கள் ஆவிபோல் மங்கித் தோன்றுவர். அவர்களை நீக்குவதற்கெனவே கணிப்பு முறைகள் உள்ளன. பல படங்களின் இடையத்தைக் கொள்ளின், கடந்து செல்வோர் அனைவரும் மறைந்து கட்டடங்கள் மட்டும் எஞ்சும். கட்டடக் கலைஞனுக்கு இது நன்மை. வீதியின் வாழ்க்கையை அறிய விரும்புவோனுக்கோ, நீக்கப்பட்டதே அவன் தேடிய பொருள். எது பொருள், எது இடையூறு என்பதைக் கணிதம் தானாகத் தீர்மானிப்பதில்லை. வினவுவோனின் நோக்கமே தீர்மானிக்கிறது. எனவே நீக்குதலும் ஒரு செயல். செயல் என்றவிடத்துப் பொறுப்பும் உண்டு.

இப்பொறுப்பு தவறியமைக்குப் பிரான்சிஸ் கால்ற்றனின் முயற்சியிலும் தெளிவான சான்று காண்டல் அரிது. 1877 இல் அவர், சிறைக்கைதிகளின் முகப்படங்கள் பலவற்றை ஒரே தகட்டிலே ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்துக் குற்றவாளியின் மாதிரி முகத்தைக் கண்டறிய முனைந்தார். பெற்ற முகமோ கொடூரமானதாக அமையவில்லை. தனித்தனி முகங்களிலும் அது செவ்விதாயிருந்தது. தீமையின் குறிகள் மறைந்து பொதுவான மனிதத்தன்மையே மேலோங்கி நின்றதைக் கால்ற்றனே குறிப்பிட்டார். குற்றவாளிக்கென ஒரு முகம் இல்லை என்பதையே அப்படம் தன்னை ஆக்கியவருக்குச் சொல்லிற்று எனலாம். ஆயினும் மனிதரை வகைப்படுத்தும் முயற்சியை அவர் கைவிடவில்லை; 1883 இல் மனித இனத்தைத் தெரிந்து பெருக்கும் கொள்கைக்குப் பெயர் சூட்டியவரும் அவரே. அக்கொள்கை இருபதாம் நூற்றாண்டிலே விளைத்த கொடுமைகளை வரலாறு அறியும்.

கால்ற்றனின் தவறு யாது? வானியலாளர் இடை காணும்போது விண்மீன் ஒன்று, படங்கள் பல. படத்துக்குப் படம் வேறுபடுவது கருவியின் வழு. கால்ற்றன் இடை கண்டபோது படங்கள் பல, மனிதரும் பலர். முகத்துக்கு முகம் வேறுபட்டது வழுவன்று, அவ்வம்மனிதனே. ஒருவனின் தழும்பையும் மற்றொருவனின் சாய்ந்த புருவத்தையும் வழுவெனக் கழித்தமையால், எவனுடையதுமல்லாத முகமொன்று எஞ்சிற்று. சராசரி மாணவன், சராசரி உழவன் என நாம் அன்றாடம் பேசும்போதும் இவ்வபாயம் நம்மைத் தொடர்கிறது. மெய்யியலறிஞர் விற்கென்ஸ்ரைன் 1929 இல் அறவியல் பற்றி நிகழ்த்திய உரையில், நன்மை என்பதை விளக்கப் பல தொடர்களை அடுக்குங்கால், கால்ற்றனின் கூட்டுப்படத்தை உவமையாக எடுத்தாண்டார். பின்னர் 1953 இல், அவரது மறைவுக்குப்பின், வெளிவந்த நூலிலே அவருடைய கருத்து வேறு திசையில் வளர்ந்திருப்பதைக் காணலாம். ஒரு குடும்பத்தார் யாவர்க்கும் பொதுவான உறுப்பு ஒன்றும் இல்லாதிருக்கலாம். ஒருவர் மூக்கு இன்னொருவரை ஒத்தும், அவர் நடை வேறொருவரை ஒத்தும் வலைபோற் பின்னிக் கிடக்கும் ஒப்புமையே போதும் என்றார். பலவற்றை ஒன்றாக்காமலே அவற்றின் உறவை அறியலாம் என்பது அதனாற் பெறப்படும் பாடம்.

இரண்டாம் நிபந்தனை, சான்றுகள் ஒன்றையொன்று சாராதிருத்தல். பல படங்களின் இடை வழுவைக் குறைப்பது, அவ்வழுக்கள் எழுமாறாக அமையும்போது மட்டுமே. கண்ணாடி வில்லையிலே கறையொன்றிருப்பின் ஆயிரம் படங்களைச் சேர்த்தாலும் கறை நீங்காது. மாறாக, அது மேலும் தெளிவாகி மெய்போலத் தோன்றும். ஒரே வதந்தியைக் கேட்ட ஆயிரம் பேரின் சாட்சியமும் இத்தகையதே. இவ்வபாயத்தை உணர்ந்து நடந்தமைக்கு அண்மைக்கால எடுத்துக்காட்டொன்று உண்டு. 2017 ஏப்பிரலில் உலகின் ஆறு இடங்களில் அமைந்த எட்டு வானொலித் தொலைகாட்டிகள் ஒருங்கிணைந்து கருந்துளைகளை நோக்கின. தரவுகளைப் படமாக்கும் பணி, ஒன்றோடொன்று பேசாத நான்கு குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. வளையத்தைக் காண விரும்பும் மனம் வளையத்தையே கண்டுவிடக்கூடும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். நான்கு குழுக்களும் தனித்தனியே வளையத்தைக் கண்ட பின்னரே, மேலும் பல சோதனைகளின் முடிவில், 2019 ஏப்பிரல் 10 இல் படம் வெளியிடப்பட்டது. 2022 மே மாதத்தில் நமது பால்வீதியின் நடுவிலுள்ள கருந்துளையின் படம் வெளிவந்தபோது மேலுமொரு நேர்மை வெளிப்பட்டது. ஆயிரக்கணக்கான படங்களின் இடையாகிய அப்படத்தோடு, அப்படங்கள் வகுக்கப்பட்ட நான்கு பிரிவுகளும் வெளியிடப்பட்டன. அவற்றுள் மூன்று வளையம் காட்டின. சிறுபான்மையான நான்காவது பிரிவு வளையம் காட்டவில்லை. ஒவ்வாத சான்றை மறைக்காது, அதன் அளவையும் கூறிப் பக்கத்திலே வைத்தனர். கால்ற்றனின் தகட்டில் உருகி மறைந்த தனித்தன்மைக்கு இங்கே ஓர் இடம் கிடைத்தது எனலாம்.

மூன்றாம் நிபந்தனை, ஆக்கிய முறையை மறையாமையும் மூலங்களைப் பேணுதலுமாகும். 2023 இல், மங்கலாக்கப்பட்ட நிலவின் படத்தைத் திரையிலிட்டு ஒரு வகைக் கைத்தொலைபேசியால் எடுத்தபோது, திரையில் இல்லாத மேடுபள்ளங்களும் படத்தில் தோன்றியமை காட்டப்பட்டது. கருவி பல காட்சிகளைச் சேர்த்ததோடு நில்லாமல், நிலவு எவ்வாறிருக்கும் எனத் தான் கற்று வைத்திருந்ததையும் சேர்த்தது. நியாய நூலார் நினைவை அளவையாக ஏற்பதில்லை. முன்பு கண்டதை இப்போது கண்டதாகக் கூறுவது சாட்சியமாகாது என்பது அதன் கருத்து. அதே ஆண்டிலே வந்த வேறொரு தொலைபேசி, கூட்டமாக நிற்போரின் பல படங்களிலிருந்து ஒவ்வொருவருக்கும் நல்ல முகத்தைத் தெரிந்து ஒன்றாக்கித் தந்தது. எல்லா முகங்களும் மெய். ஆனால் எல்லாரும் ஒருங்கே முறுவலித்த அக்கணம் என்றும் இருந்ததில்லை. இதனைக் குற்றம் எனக் கடிதல் மிகையாகலாம். மணவீட்டுப் படம் நீதிமன்றச் சான்றன்று. ஆயினும், இன்று நினைவுக்காக எடுத்த படம் நாளை சான்றாகக் கேட்கப்படலாம். மூலப் படங்கள் அழிக்கப்பட்டுக் கூட்டுப்படம் மட்டும் எஞ்சுமாயின், அனுமானத்தைச் சோதிக்கும் வழி அடைபட்டுப்போகும்.

இந்நிபந்தனைகள் ஒளிப்படத்துக்கு மட்டும் உரியன அல்ல என்பது இதுவரை கூறியவற்றாற் புலப்பட்டிருக்கும். ஒரு காலத்தின் வரலாற்றை எழுதுவோனும், பலரின் வாக்குமூலங்களைக் கேட்டு அறிக்கை வரைவோனும் கூட்டுப்படம் ஆக்குவோரே. ஒரு சாட்சி வெளிச்சத்தில் நடந்ததை அறிவான். இன்னொருத்தி இருட்டில் நடந்ததை அறிவாள். இருவரும் தத்தம் இடத்தில் நம்பத்தக்கவர்கள். யானையைத் தடவிய குருடர் கதையை நாம் பெரும்பாலும் அவர்களது அறியாமைக்கு எடுத்துக்காட்டாகவே கூறி வருகிறோம். ஆனால் காலைத் தடவியவன் காலைப் பற்றிக் கூறியது பொய்யன்று. தான் தொட்டதே யானை முழுவதும் என்று சாதித்ததே பிழை. அவர்கள் கூற்றுக்களின் சராசரியும் யானையாகாது. உரல், உலக்கை, முறம் ஆகியவற்றின் இடையைக் கண்டு எவரும் யானையை அறிந்ததில்லை. ஒவ்வொருவனும் எங்கே நின்று எதைத் தொட்டான் என்பதை அறிந்து, அவ்வவ்விடத்தில் அவ்வவன் சொல்லை வைப்பதே வழி.

தொகுத்து நோக்குமிடத்து, பல படங்களால் ஆன படம் ஒரு படத்திலும் மெய்ம்மை மிக்கதாதல் கூடும். ஒரு பார்வைக்கு எட்டாத நிழலும் வெயிலும் நுண்மையும் பல பார்வைகளுக்கு எட்டுகின்றன. ஆயின் அம்மெய்ம்மை படங்களின் தொகையால் தானாக வருவதன்று. ஒரே பொருளைப் பற்றிய சான்றுகளை, ஒன்றையொன்று சாராத வகையில் பெற்று, அவை அறிந்த அளவுக்கே மதித்து, நீக்கியது இன்னது எனக் கூறி, மூலங்களைப் பேணி வைக்கும் ஒருவனுடைய ஒழுக்கத்தாலேயே அது வருகிறது. இவற்றுள் மிக அரிதானது நீக்கியதைக் கூறுதல். எஞ்சிய படம் எத்துணை தெளிவாக இருக்கிறதோ, அத்துணை எளிதாக நீக்கப்பட்டோர் மறக்கப்படுவர். எனவே தெளிவான படமொன்று நம் முன்னே வைக்கப்படும்போதெல்லாம், இத்தெளிவுக்காக யார் அழிக்கப்பட்டார் என வினவுதல் அறிவுடையார் கடனாகும்.